ஓரிரு இடங்களில்: கல்லணையிலிருந்து கடைமடை வரை ஆறு நாள்

முதல் நாள் (ஐப்பசி 1, அக்டோபர் 18), கல்லணை

சித்தப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிப் பத்து நாள் ஆகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும், சேற்றில் இறங்கக் கூடாது, குனிந்து எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில், ஐப்பசி மாதத்தில், ஒரு விவசாயியிடம் சொல்கிற பேச்சா இது? சம்பா வயலில் நிற்கிறது, மழை எந்த நாள் வேண்டுமானாலும் பிடிக்கும். "ஒரு வாரம் வந்து இரு தம்பி. வானிலை என்ன சொல்லுதுன்னு படிச்சுச் சொல்லு. வயலப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் போனில். ஆபீசில் லீவு கேட்டேன். ஆச்சரியமாகக் கிடைத்துவிட்டது.

சென்னையிலிருந்து நேரே பஸ் ஏறியிருந்தால் இந்நேரம் வீட்டுக்கே போயிருப்பேன். ஆனால் அவருடைய வயலுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகவே ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷ ஆசை. அதனால் ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் திருச்சி வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, கல்லணைக்கு டவுன் பஸ் பிடித்தேன்.

கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் அந்த வளைந்த கல் அணையைத் தேடி வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கண்ணில் படுவது மதகுகளும் பாலமும் பொரிகடலைக் கடைகளும்தான். நான் வந்தது பழமையைப் பார்க்க அல்ல, பங்கீட்டைப் பார்க்க. மேட்டூரில் விட்ட தண்ணீர் மூன்று நான்கு நாளில் இங்கே வந்து சேர்கிறது. இங்கேதான் அது காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று ஊர்க்காரர்கள் சொல்லும் கல்லணைக் கால்வாய், அப்புறம் கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது. முதல் மூன்றும் சோறு. கொள்ளிடம் வெள்ளம் போகிற வழி. வெண்ணாற்று மதகுக்கு மேல் நின்றுகொண்டு, "நீ போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்கத் தோன்றியது. நான் நாளை போய்விடுவேன்.

மதியம் மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தது. ஆடியில் அடிக்கிற மாதிரி அம்மியைத் தூக்கும் காற்றில்லை. போகும்போது வாசலில் நின்று இன்னும் இரண்டு வார்த்தை பேசுகிற விருந்தாளி மாதிரி ஒரு காற்று. அங்கே நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது: டெல்டாவுக்கு ஆற்றுத் தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது, மழை கிழக்கிலிருந்து வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில்தான் சித்தப்பாவின் வயல் இருக்கிறது.

இரவு தஞ்சாவூரில் தங்கல். ஏழரை மணிக்குத் தங்கையிடமிருந்து போன். சித்தப்பாவின் மகள், அமெரிக்காவில் டென்வரில் இருக்கிறாள். அங்கே காலை எட்டு மணி. "அண்ணே, அப்பாவப் பாத்தீங்களா? இங்க நாலு நாள்ல பனி விழும்னு சொல்றாங்க. வடக்கேருந்து காத்தும் பலமா இருக்குமாம். மரத்துல இன்னும் இலைகூடக் கொட்டல." டென்வரில் முதல் பனி விழும் தேதி, பல வருஷச் சராசரியில், அக்டோபர் 18 என்றாள். அதாவது இன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. இரண்டு நாள்தான் வித்தியாசம். அவளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் அப்பாவும்.

இரண்டாம் நாள், தஞ்சாவூர் – நீடாமங்கலம் – தலைஞாயிறு

ரோட்டில் பாதி நெல். குறுவை அறுவடை இன்னும் முழுசாக முடியவில்லை. இடது பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு நெல், அப்புறம் தார்ப்பாய் போர்த்திய குவியல், மறுபடி நெல். பஸ் டிரைவர் இதற்கென்றே பழகியவர் போல வலது ஓரமாகவே ஓட்டிக்கொண்டு வந்தார்.

நீடாமங்கலத்தில் இறங்கி மூணாறு தலைப்பு வரைக்கும் ஒரு ஆட்டோ பிடித்தேன். வெண்ணாறு அங்கே மறுபடி பிரிகிறது. பாமணியாறு, கோரையாறு, மிச்சத்துக்கு வெண்ணாறு என்ற அதே பெயர். கல்லணையில் பார்த்த தண்ணீர் இங்கே பாதி வேகத்தில் இருந்தது. பாசியும் வெங்காயத்தாமரையும் மதகடியில் சுற்றிக்கொண்டிருந்தன.

வழியில் ஒரு அம்மா நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே போவது, ஏர் ஓட்டுகிற மாதிரி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இவருடையது நேற்று 19 காட்டியதாம். இன்றைக்கு ஒரு வெயில் போதும் என்றார். கையில் போனைப் பார்த்ததும், "மழ வருமா தம்பி? அதுல என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

படித்தேன்: டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்.

"அந்த ஓரிரு இடம் எங்க இருக்குன்னு சொன்னா தேவல" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த வார்த்தைக்கு வானிலைத் துறையில் அளவு உண்டு. மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால் அது ஓரிரு இடம். 26 முதல் 50 வரை ஒரு சில இடம். அதற்கு மேல் போனால் பரவலான மழை. ஆக, நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அவரிடம் சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது? நாலு பேர் நெல் காயவைத்தால் மூன்று பேர் தப்பிப்பார்கள் என்பது, அந்த நாலாவது ஆள் நாம்தான் என்றால், ஆறுதலா? மேற்கே கருத்திருந்ததைக் கை காட்டிவிட்டு, "எதுக்கும் மூணு மணிக்குள்ள அள்ளிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாலை நாலு மணிக்கு மன்னார்குடி பக்கம் இடித்தது. அவர் இருக்கும் ஊரில் பெய்ததா என்று தெரியாது.

வீடு வந்து சேர ஏழாகிவிட்டது. சித்தப்பா திண்ணையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார், இரவிலும். "வா தம்பி. பஸ்ல வரும்போது எந்தப் பக்கக் காத்து?" என்பதுதான் முதல் கேள்வி. சாப்பிட்டாயா என்பது சித்தியின் இலாகா.

மூன்றாம் நாள், கிராமம்

இன்று அக்டோபர் 20. காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் டிவிஎஸ் 50 சீட்டில் தண்ணீர். மழை பெய்ததா என்று பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. வைக்கோல்போர் மேல், பூசணிக் கொடி மேல், எல்லாம் பனி.

"பனி எறங்கிடுச்சு. மழ தள்ளிப்போச்சு" என்றார் சித்தி, சாணி தெளித்துக்கொண்டே. இதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. மேகம் மூடியிருந்தால் தரையின் சூடு இரவில் வெளியே போகாது, பனி கட்டாது. காற்றடித்தாலும் கட்டாது. பனி விழுந்திருக்கிறது என்றால் ராத்திரி வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்திருக்கிறது, காற்றும் ஓய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சித்தி சொல்வது நேற்று ராத்திரி நிலவரம். நாளைக்கு என்ன என்பதுதான் தகராறு. முன்பனிக்கு மார்கழியும் தையும் என்று காலத்தைப் பிரித்து வைத்தவர்கள், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிருக்குக் கொடுத்தார்கள். வாடையும் மழையும் சேர்ந்த குளிர் அது. ஐப்பசி மூன்றிலேயே பனி என்றால் ஊரில் நாலு பேர் முகம் சுருங்கத்தான் செய்யும்.

இன்றைக்கு இது வெறும் பேச்சல்ல. உள்ளே இரண்டு மூட்டை யூரியா கிடக்கிறது.

சித்தப்பாவின் சம்பா ஆவணிக் கடைசியில் நேரடியாக விதைத்தது. கடைமடையில் நாற்றுவிட்டு நட தண்ணீர் எந்தத் தேதியில் வரும் என்று நம்ப முடியாது, அதனால் நிறையப் பேர் புழுதியிலேயே விதைத்துவிடுகிறார்கள். பயிருக்கு நாற்பது நாள் ஆகிறது, தூர் கட்டுகிற நேரம். மேலுரம் போட வேண்டும். போட்டபின் இரண்டு மூன்று நாள் மழை வராமல் இருந்தால் பயிர் எடுத்துக்கொள்ளும். பெருமழை வந்தால் உரம் வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போகும். மழை வந்து வயல் மூழ்கிவிட்டால் வாரக்கணக்கில் போடவே முடியாது, பயிர் வெளுத்துவிடும். போடவா வேண்டாமா?

பக்கத்து வயல்காரர் பனியைப் பார்த்ததும் முடிவெடுத்துவிட்டார். எட்டு மணிக்கெல்லாம் தோளில் அன்னக்கூடையோடு இறங்கி வீசிக்கொண்டிருந்தார்.

நான் வானிலை அறிக்கையைப் படித்துக் காட்டினேன். தென்மேற்கு வங்கக்கடலில் குறைந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாக வாய்ப்பு. 22ஆம் தேதி நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை. ஆரஞ்சு என்றால் மிகக் கனமழை, 24 மணி நேரத்தில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை. அதற்கு மேல் போனால் சிவப்பு.

"பருவமழை தொடங்கிடுச்சுன்னு சொல்லிட்டானா?"

இன்னும் சொல்லவில்லை. சும்மா மழை பெய்துவிட்டால் சொல்லிவிட மாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். தமிழகக் கரையில் கிழக்கிலிருந்து காற்று நிலையாக வீச வேண்டும். அதுவும் தரையோடு நிற்காமல் ஒன்றரை கிலோமீட்டர் உயரம்வரை இருக்க வேண்டும். அப்புறம் கரையோரம் பரவலாக மழை பெய்ய வேண்டும். இதைச் சொன்னதும் அவருக்குத் திருப்தி. "அதான், காத்துதான் கணக்கு. மழைய எண்ணி என்ன பண்றது" என்றார்.

அவர் கண்ணுக்கு இப்போது தூரம் சரியாகத் தெரியாது. மாலை நாலரைக்குத் திண்ணையில் கிழக்கு பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார், பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். எதிர்வீட்டு அடுப்புப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று என்னைக் கேட்டார். மேற்கே சாய்கிறது என்றேன். காலையில் கிழக்கே சாய்ந்ததாம், அதைச் சித்தியிடம் கேட்டு வைத்திருக்கிறார். "மூஞ்சில அடிக்குது தம்பி. ஈரமா இருக்கு. காத்து திரும்பிடுச்சு. மூட்டையப் பிரிக்க வேண்டாம்."

இரவு தங்கை வீடியோவில் வந்தாள். அங்கே பனிப்புயல் எச்சரிக்கை இல்லை, அதற்கு ஒரு படி கீழே உள்ள அறிவிப்பு. 15 சென்டிமீட்டர் பனி எதிர்பார்க்கிறார்கள். சித்தப்பாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. "உருக்கினா எவ்வளவு தண்ணி வரும்?" நான் தேடிச் சொன்னேன்: மொத்தமாகப் பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், பத்து சென்டிமீட்டர் பனி என்றால் ஒரு சென்டிமீட்டர் மழை. "ஒன்றரை சென்டிமீட்டரா? இதுக்கா ஊரையே மூடுறான்?" தங்கை சிரித்துவிட்டு, மரத்தில் இலை இருக்கும்போது விழும் ஈரப்பனிதான் மோசம், இலை மேல் கனம் ஏறிக் கிளை முறியும், கரண்டு கம்பி அறுந்துபோகும் என்றாள். கிளை முறிவது என்றதும் சித்தப்பா சிரிப்பை நிறுத்தினார். அந்தப் பேச்சு இந்த ஊரில் வேறு எங்கேயோ போய் நிற்கும்.

2018 நவம்பர் 16, கஜா புயல். நள்ளிரவு தாண்டிக் கரையைக் கடந்தது, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே, அதாவது இவர்கள் தலைமேல். முதலில் வடக்கேயிருந்து அடித்ததாம். அப்புறம் திடீரென்று எல்லாம் அடங்கி நட்சத்திரம் தெரிந்ததாம். முடிந்தது என்று நினைத்துச் சிலர் வெளியே வந்து மாட்டைப் பார்த்திருக்கிறார்கள். அது புயலின் கண். அதன்பின் தெற்கேயிருந்து திரும்பி அடித்ததில்தான், வடக்குக் காற்றுக்குச் சாய்ந்து தாக்குப்பிடித்து நின்ற தென்னையெல்லாம் வேரோடு போனது. சித்தப்பா இதைச் சொல்லும்போது கையை ஒரு பக்கம் சாய்த்து, நிறுத்தி, மறுபக்கம் சாய்த்துக் காட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை.

நான்காம் நாள், நாகப்பட்டினம், வேதாரண்யம்

டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினேன். ஊர் சுற்றவும் ஆயிற்று, கடல் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவும் ஆயிற்று.

நாகை துறைமுகத்தில் 1ஆம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். டிவியில் அத்தனை முறை கேட்டும் நான் கூண்டு என்றால் ஏதோ கிளிக்கூண்டு மாதிரி இருக்கும் என்றே நினைத்திருந்தேன். கம்பத்தில் தொங்கும் கூம்பும் உருளையும்தான் அது, இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. 1 என்றால் தூரத்தில் காற்றுக் கொந்தளிப்பு இருக்கிறது, புயல் உருவாகலாம். 2 என்றால் உருவாகிவிட்டது. 3 வந்தால் இந்தத் துறைமுகத்துக்கே பலத்த காற்று அபாயம். இப்படியே ஏறி 10 வரை. 11 என்றும் ஒன்று உண்டு. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான நிலை என்று அதற்குப் பொருள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. 10இல் புயல் எங்கே என்றாவது தெரியும்.

படகுகள் எல்லாம் கரையில். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளின் பெயர்கள் அவர் வாயில் ஆட்கள் பெயர் மாதிரி வந்தன. கச்சான் என்றால் மேல்காற்று, வாடை வடக்கேயிருந்து வருவது. "கச்சான் போய்ட்டான், இனிமே வாடதான்" என்றார். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 என்று போட்டிருக்கிறார்களே என்றேன். அந்தக் காற்றில் படகு நிற்கும், வலை நிற்காது என்றார். அப்புறம் பெட்ரோல் விலையை, அவருக்கு அது டீசல் விலை, திட்டினார்.

வேளாங்கண்ணியைத் தாண்டி வேதாரண்யம் போகும்போது காற்று இடது பக்கத்திலிருந்து தள்ளியது. வண்டி பாவம், மனிதர்களைவிட எளிதில் சாயும்.

வேதாரண்யத்தில் உப்பளக்காரர்களுக்கு வருஷம் முடிகிற நேரம். மழை விழுந்தால் பாத்தியில் உப்பு எடுக்க முடியாது, தை மாதத்துக்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கும். மிச்சமிருந்த உப்பை அம்பாரமாகக் குவித்துக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர். அவர் வந்தது சித்திரை வெயிலில். ஐப்பசியில் வந்திருந்தால் அள்ளுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

இதுதான் எனக்கு இன்று முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. முந்தாநாள் பார்த்த அம்மாவுக்கு ஒரு நாள் வெயில் வேண்டும். உப்பளத்துக்கு மழையே வேண்டாம். மீனவருக்கு மழை பெய்தால் பரவாயில்லை, காற்று வேண்டாம். சித்தப்பாவுக்கு மழை வேண்டும், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். கோடியக்கரைச் சதுப்பில் இறங்க வடக்கேயிருந்து வந்துகொண்டிருக்கும் பூநாரைக்கும் உள்ளானுக்கும் என்ன வேண்டும் என்று யார் கேட்டார்கள்? எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரி: பெய்யக்கூடும்.

கோடியக்கரைக்குள் போக நேரமில்லை. ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் முதல் தூறல்.

ஐந்தாம் நாள், மழை

கரண்டு இல்லை. போனில் 30 சதவீதம். சுருக்கமாக எழுத நினைத்தேன், முடியவில்லை.

விடியற்காலை மூன்று மணிக்குப் பிடித்தது. நாட்டு ஓட்டில் விழும் மழைச் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது. சென்னையில் மழை ஜன்னலுக்கு வெளியே பெய்யும். இங்கே தலைக்கு மேல் பெய்கிறது. ஆறு மணிக்குச் சித்தப்பா எழுப்பினார். அவர் தூங்கவே இல்லை என்று நினைக்கிறேன். "தம்பி, கொல்லைல பெயிண்டு டப்பா இருக்கும், பாரு."

அது அவருடைய மழைமானி. அடியும் வாயும் ஒரே அகலத்தில் உள்ள டப்பா, மரத்தடியில் இல்லாமல் திறந்த வெளியில் ஒரு கல்லின் மேல். ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். நாலு சென்டிமீட்டர். எட்டரைக்கு ஆறு. விட்டு விட்டுப் பெய்ததில், மாலை பார்த்தபோது ஒன்பது. ஆரஞ்சில் சொன்ன 12 வரவில்லை. ஆனால் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஏக்கருக்கு நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். ஒன்பதுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றரை லட்சத்துக்கு மேல் போகும். இவருக்கு மூன்று ஏக்கர்.

குடை நிற்காத காற்று. உரச்சாக்கை ஒரு மூலை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு வயலுக்குப் போனேன். போனவன் வரப்பில் முதல் வளைவிலேயே வழுக்கி விழுந்தேன். பார்த்தவர்கள் சிரிக்காமல் இருந்ததுதான் அவமானமாக இருந்தது. பட்டணத்து ஆள் விழுவான் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்.

பயிரின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர். சித்தப்பா சொல்லி அனுப்பியபடி மடையை வெட்டிவிட்டேன். தண்ணீர் நகரவில்லை. வடிவாய்க்காலில் வயல் மட்டத்துக்கே தண்ணீர் நின்றது, அதன்மேல் வெங்காயத்தாமரை கம்பளி விரித்த மாதிரி. பத்துப் பதினைந்து பேர் இறங்கி அதை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கினேன். ஒரு முழம் இழுத்தால் இரண்டு முழம் வந்து அடைகிறது. கோடையில் தூர்வாரியிருந்தால் இந்தப் பாடு இல்லை என்று பேசிக்கொண்டார்கள். யார் வாரியிருக்க வேண்டும் என்பதில் மூன்று கருத்து இருந்தது.

ஒரு மணி நேரம் இழுத்தபின்தான் விஷயம் புரிந்தது. தாமரையை எடுத்தாலும் தண்ணீர் வேகமாக ஓடாது. இந்த வாய்க்கால் ஆற்றில் விழுகிறது, ஆறு கடலில் விழுகிறது, கடல் ஏறியிருக்கிறது. கடலோரத்துக் கதவணையில் கடல்மட்டம் உயர்ந்தால் உப்புநீர் உள்ளே வராமல் பலகையை இறக்கிவிடுவார்கள். இறக்காவிட்டாலும் தண்ணீர் மேடேறிப் போகாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறுவதும் இறங்குவதும் கடலின் வழக்கம். இறங்குகிற நேரத்தில்தான் வயல் வடியும். அதோடு கிழக்கிலிருந்து கீழ்காற்று விடாமல் அடித்துக் கரையில் தண்ணீரை ஏற்றிவைத்தால், இறங்குகிற நேரத்திலும் முழுசாக இறங்காது.

காற்றுதான் கணக்கு என்று சித்தப்பா சொன்னதன் பாதி அர்த்தம்தான் எனக்கு அன்று தெரிந்திருந்தது. மழையைக் கொண்டுவருவதும் அந்தக் காற்று, வடியவிடாமல் பிடித்து வைப்பதும் அதே காற்று. அறிக்கையில் மீனவர்களுக்கான கடைசிப் பத்தியில் இருக்கும் காற்று வேகத்தை நான் இத்தனை வருஷம் தாண்டிப் போயிருக்கிறேன். இந்த ஊரில் நிலம் வைத்திருப்பவன் முதலில் படிக்க வேண்டிய பத்தி அது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தண்ணீர் எவ்வளவு உயரம், நுனி வெளியே தெரிகிறதா, நிறம் எப்படி, வாய்க்காலில் ஓட்டம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். நுனி தெரிகிறது என்றதும், "அப்ப ரெண்டு நாள் தாங்கும்" என்றார். பக்கத்து வயல்காரர் உரம் என்ன ஆனது என்று கேட்டேன். "அவன் போட்டு ரெண்டு நாள் ஆச்சு. கொஞ்சம் புடிச்சிருக்கும், கொஞ்சம் போயிருக்கும். பத்து நாள்ல பயிர் நெறம் சொல்லிடும்." அவர் குரலில் ஜெயித்த தொனி எதுவும் இல்லை. இன்னும் வடியவில்லையே.

சித்தி மிளகு ரசமும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார். பின்வீட்டுப் பையன் வாய்க்காலில் ஏறி வந்த குறவை மீன் நாலைக் கம்பியில் கோத்துக்கொண்டு போனான். இன்றைக்கு இந்த ஊரில் சந்தோஷமாக இருந்தது அவன் ஒருவன்தான்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டு ரேடியோவில் கேட்டது. சித்தப்பா, "அப்படியா?" என்றார், கூரையைப் பார்த்து.

ஆறாம் நாள், கிளம்புதல்

ராத்திரி ஒரு மணிக்கு மழை நின்றது. எழுந்து வெளியே வந்தால் காற்றும் இல்லை. கிழக்கே எங்கோ தவளைச் சத்தம், கடல் இரைச்சல் கேட்கவில்லை. வடக்கே கொஞ்ச தூரத்தில் தாழ்வுப் பகுதி கரையைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. இந்தச் சுழல்கள் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுபவை, அதனால் அது நமக்கு வடக்கே போய்விட்டால் நமக்கு மேல்காற்று வரும். விடியும்போது வந்தது. எதிர்வீட்டுப் புகை மறுபடி கிழக்கே சாய்ந்தது. காற்றை எதிர்பார்த்து ராத்திரியே நாற்காலியை மேற்கே திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சித்தப்பா.

ஏழு மணிக்கு வயலுக்குப் போனேன். மடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கொஞ்சம் தள்ளியே கேட்டது. பயிரில் நேற்றைய மட்டத்துக்குச் சேற்றுக் கோடு, தண்ணீர் அதற்கு நாலு விரல் கீழே. வடிய இன்னும் இரண்டு நாள் பிடிக்கும். அதன்பின் மூட்டையைப் பிரிப்பார்கள். வீசப்போவது யார் என்று கேட்காதீர்கள், அதற்கு நான் இருக்க மாட்டேன், திருத்துறைப்பூண்டியில் பதினொரு மணிக்குப் பஸ்.

கிளம்பும்போது தங்கையின் போட்டோக்கள் வந்தன. மஞ்சள் இலையோடு நிற்கும் மரத்தின்மேல் வெள்ளையாக ஏறியிருந்தது. அவள் வீட்டுக்காரர் துடைப்பத்தால் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, சித்தப்பாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தேன். கடைசிப் படம் அதே வாசல், அன்று சாயங்காலம் எடுத்தது. வெயில் அடித்திருக்கிறது, பனியைக் காணோம், ரோடு காய்ந்து கிடக்கிறது.

"எல்லாம் உருகிடுச்சா?"

"ஆமா சித்தப்பா, சாயங்காலத்துக்குள்ளயே."

படத்தை இன்னொரு முறை காட்டச் சொன்னார். வாசலின் இரண்டு ஓரத்தையும் மெதுவாகப் பார்த்தார்.

"வடிகால் நல்லாப் போட்டிருக்கான் போலருக்கு" என்றார்.